மைத்துளியும் சிவப்பு விளக்கும்

(இளநிலை இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவி)

என் வலக்கை விரல்களைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, மருதாணியா?" என்று கேட்ட பேராசிரியர்கள் உண்டு. "கறுப்பு மருதாணி எந்தச் சந்தையில் கிடைக்கிறது?" என்று கேலி பேசிய தோழியரும் உண்டு. அது மருதாணி அன்று; மை. பேருந்து நிலையத்துக்கு எதிரேயுள்ள ஜெராக்ஸ் கடை ஒன்றில், மாலை ஐந்து மணி முதல் எட்டரை மணி வரை வேலை பார்க்கிறேன். நகல் எடுப்பது, விண்ணப்பம் தட்டச்சு செய்வது, இவற்றோடு தீர்ந்துபோன கார்ட்ரிட்ஜுக்கு ஊசியால் மை ஏற்றுவதும் என் பொறுப்பு. ஊசி என்றால் மருந்துக்கடையில் வாங்கும் அதே ஐந்து மில்லி ஊசிதான். மேலே ஒட்டியிருக்கும் தாளை உரித்து, துளையில் ஊசியை மெல்ல இறக்கி, உள்ளே இருக்கும் பஞ்சு குடிக்கக் குடிக்க மையை விட வேண்டும். அவசரப்பட்டால் மை பொங்கி விரலுக்கு வந்துவிடும். நான் அவசரக்காரி.

சென்ற ஆண்டு உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். கடை வாசலில் நம் கல்லூரி மாணவர்களே முப்பது பேருக்குமேல் நின்றார்கள். அச்சு மங்கத் தொடங்கியதைக் கண்டும், இன்னும் நான்கு தாள், இன்னும் இரண்டு தாள் என்று ஓட்டிக்கொண்டே போனேன். ஒரு கட்டத்தில் தாள் வெள்ளையாகவே வெளியே வந்தது. மை ஏற்றிப் பார்த்தேன், வரவில்லை. வெந்நீரில் நனைத்த துணியில் ஒற்றிப் பார்த்தேன், வரவில்லை. கடைக்கார அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "ஹெட்டு வெந்து போச்சு பாப்பா" என்றார். அடுத்த இரண்டு மாதச் சம்பளத்தில் அதன் விலை கழிந்தது. பணம் போனது வருத்தந்தான். இல்லையென்று சொன்னால் பொய். ஆயினும் அந்த "வெந்து போச்சு" என்ற சொல் பணத்தைவிட அதிகமாக என்னை உறுத்தியது. மை தீர்ந்தால் அச்சு வராது, சரி. வேவதற்கு அங்கே அடுப்பா எரிகிறது?

அடுப்புத்தான் எரிகிறது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

1977ஆம் ஆண்டு ஜப்பானில் கேனான் நிறுவனத்தின் ஆராய்ச்சிச்சாலையில் இச்சிரோ எண்டோ என்ற பொறியாளர் வேலை செய்துகொண்டிருந்தார். மை நிரப்பிய ஊசி ஒன்று மேசைமேல் இருந்தது. சூடான பற்றவைப்புக் கோல் தற்செயலாக அந்த ஊசியின் மேல் பட்டது. பட்ட மாத்திரத்தில் ஊசிமுனையிலிருந்து மை பீச்சியது. இதைப் படித்தபோது நான் சிரித்துவிட்டேன். அவர் மேசையில் இருந்த அதே ஊசி என் மேசையிலும் இருக்கிறது. என் ஊசி எத்தனையோ தடவை பீச்சியிருக்கிறது. நான் துணியை எடுத்துத் துடைத்தேன், அவர் ஏனென்று கேட்டார். ஊசிக்குள் மையின் மெல்லிய படலம் சட்டென்று ஆவியாகிக் குமிழியாகிறது. குமிழி எதிரே உள்ள மையைத் தள்ளுகிறது. இவ்வளவுதான் கதை. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் ஹியூலெட் பேக்கார்டு நிறுவனத்தில் ஜான் வாட் என்பவரும் இதே வழியைத் தனியாகக் கண்டார். 1984இல் அந்நிறுவனமும், 1985இல் கேனானும் இவ்வகை அச்சுப்பொறிகளைக் கடைக்குக் கொண்டுவந்தன.

கார்ட்ரிட்ஜின் அடியில் உள்ள ஒவ்வொரு துளைக்கும் பின்னால் ஒரு மிகச் சிறிய ஹீட்டர் உண்டு. ஒரு நொடியின் பத்துலட்சத்தில் சில பங்கு நேரத்துக்குள் அது சுமார் 300 பாகை செல்சியசுக்குச் சூடேறுகிறது. குமிழி தோன்றி, துளியைத் தள்ளி, அடங்கிப்போகிறது. அடங்கும்போது பின்னாலிருந்து புது மையை இழுத்துக்கொள்கிறது. அந்தப் புது மைதான் ஹீட்டரைக் குளிர வைப்பதும். மை இல்லாமல் ஓட்டினால்? வெறும் வாணலியை அடுப்பில் வைத்த கதை. நான் செய்தது அதுவே. ஒரு துளியின் அளவு சில பிகோ லிட்டர்; அதாவது ஒரு லிட்டரை இலட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் சில பங்கு. ஒரு துளியைப் பத்து பிகோ லிட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். என் ஐந்து மில்லி ஊசியில் ஐம்பது கோடித் துளிகள் இருந்தன.

வெந்துபோன கார்ட்ரிட்ஜை அண்ணன் குப்பையில் போடச் சொன்னார். நான் பையில் போட்டுக்கொண்டு கல்லூரிக்கு வந்தேன். நமது ஆய்வகத்தில் நியூட்டன் வளையங்களை அளக்க நகரும் நுண்ணோக்கி வைத்திருக்கிறோமே, அதன்கீழ் அதை வைக்க அனுமதி கேட்டேன். எங்கள் பேராசிரியை முதலில் தயங்கினார்கள். மை வழிந்து கருவி பாழாகும் என்ற கவலை. பிறகு வெந்நீரில் நன்றாகக் கழுவி, கண்ணாடிச் சில்லின்மேல் வைத்து, பக்கவாட்டில் விளக்குப் போட்டுப் பார்த்தோம். இரண்டு வரிசையாகப் புள்ளிகள்! வெள்ளிக்கிழமைக் கோலத்துக்கு இவ்வளவு நேராக எந்தக் கையாலும் புள்ளி வைக்க முடியாது. ஒரு வரிசையில் 20 இடைவெளிகளை அளந்தேன்; 1.69 மில்லிமீட்டர் வந்தது. ஓர் இடைவெளிக்கு 0.0845. பேராசிரியை உடனே, "ஓர் அங்குலத்தை 300ஆல் வகுத்துப் பார்" என்றார்கள். 25.4ஐ 300ஆல் வகுத்தால் 0.0847. பாடப்புத்தகத்தில் விடை தெரிந்த சோதனைகளைத்தான் அதுவரை செய்திருந்தேன். விடை எந்தப் பக்கத்திலும் அச்சாகாத ஒன்றை அளந்து, அது சரியாக வந்தது அன்றுதான். அன்று மாலை கடைக்குக் கால்மணி தாமதமாகப் போனேன்.

"இத்தனை சிறிய வேலையை எந்த உளியால் செய்கிறார்கள் மேடம்?" என்று நான் கேட்டதற்குப் பேராசிரியை ஒரு பெயரைத் தாளில் எழுதிக்கொடுத்தார்கள். கர்ட் பீட்டர்சன். கூடவே, "இவர் எழுதிய ஒரு நீண்ட கட்டுரை இருக்கிறது, தலைப்பின் பொருள் 'இயந்திரப் பொருளாகச் சிலிக்கன்'. 1982 மே மாதம் வெளிவந்தது. முடிந்தவரை படி, முடியாததைக் கொண்டு வா" என்றார்கள். கட்டுரை 38 பக்கம். அண்ணனிடம் சொல்லி, பாதி விலைக்குக் கடையிலேயே அச்சிட்டுக்கொண்டேன். மைத்துளியைப் பற்றிப் பேசும் கட்டுரை மைத்துளியாலேயே அச்சாகி வந்ததை அன்று நான் கவனிக்கவில்லை. வீட்டுக்குப் போகும் பேருந்தில்தான் தோன்றியது. ஆங்கிலத்தில் நான் வலுவுள்ளவள் அல்லள். தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். முதல் இரண்டு பக்கத்துக்கு மூன்று இரவுகள் ஆயின.

பீட்டர்சன் 1975இல் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, கலிபோர்னியாவின் சான் ஓசே நகரில் இருந்த ஐ.பி.எம். ஆராய்ச்சிச்சாலையில் சேர்ந்தவர். சிலிக்கன் என்றால் மின்சுற்றுச் சில்லு என்றே உலகம் எண்ணியிருந்த காலம் அது. அதை ஒரு கட்டடப் பொருளாகப் பாருங்கள் என்பதுதான் அவர் கட்டுரையின் சாரம். பட்டியல் ஒன்று போட்டுக் காட்டுகிறார். இழுவலிமையில் குறையற்ற சிலிக்கன் துருப்பிடிக்காத எஃகை மிஞ்சுகிறது, மீள்மையில் எஃகுக்கு ஏறத்தாழச் சமம், அடர்த்தியோ 2.3 மட்டுமே, எஃகின் 7.9 எங்கே! கைதவறி விழுந்தால் உடையும் பொருள் எஃகுக்கு நிகரா என்று தோன்றும். பலகை அளவில் உடைவது மயிரிழை அளவில் வளைந்து நிமிர்கிறது.

உளி எது என்பதற்கும் விடை அங்கே இருந்தது. உளி நமது வேதியியல் ஆய்வகத்திலுள்ள பொட்டாசியம் ஹைட்ராக்சைடுக் கரைசல்! விறகு பிளக்கிறவர் நாரோட்டம் பார்த்துக் கோடரி போடுவதில்லையா? படிகத்துக்கும் ஓட்டம் உண்டு. இரண்டாம் பருவத்தில் மில்லர் குறியீட்டெண்களை மனப்பாடம் செய்தபோது, "இவை எதற்கு?" என்று நாம் எல்லோரும் முணுமுணுத்தோம். சூடான அந்தக் காரக் கரைசல் (100) தளத்தை வேகமாகத் தின்கிறது. (111) தளத்தை மிக மிக மெதுவாகத்தான் தொடுகிறது. ஆகவே சிலிக்கன் வில்லையின்மேல் ஆக்சைடுப் படலம் போட்டு, அதில் சதுரமாக ஒரு சன்னல் திறந்து கரைசலில் இட்டால், கரைசல் தாறுமாறாக அரிப்பதில்லை. நான்கு சுவரும் 54.7 பாகை சாய்ந்த, கவிழ்த்து வைத்த கோபுரம் போன்ற குழியைத் தோண்டிவிட்டுத் தானே நின்றுகொள்கிறது. சன்னலின் அகலத்தை 1.414ஆல் வகுத்தால் குழியின் ஆழம். வில்லையின் கனம் அதைவிடக் குறைவானால் அடிப்பக்கம் சிறு சதுரத் துளை திறந்துகொள்ளும். மை பாய வாசல் தயார். ஐ.பி.எம்.மின் வேறோர் ஆராய்ச்சிச்சாலையில் பாஸூஸ் என்பவரும் தோழர்களும் 1970களில் இப்படித்தான் மைத்துளைகளை வரிசை வரிசையாகச் செய்தார்கள். பீட்டர்சனும் 1979இல் சிலிக்கனாலான மைவீச்சு அமைப்பு ஒன்றைச் செய்து வெளியிட்டார். (இன்று கடையில் விற்கும் கார்ட்ரிட்ஜ்கள் பலவற்றில் துளைத்தகடு வேறு பொருளால் ஆனது. அதன் கீழே ஹீட்டர்களைச் சுமக்கும் சில்லு மட்டும் சிலிக்கனேதான். எங்கள் கார்ட்ரிட்ஜின் தகட்டை நெம்பி எடுத்தபோது அது கண்ணாடிபோல் மின்னியது.)

அதே மனிதர், 1982இல், குழியின்மேல் நாக்குப்போல் நீட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய கம்பம் ஒன்றைச் செய்தார். வில்லை முடுக்கப்பட்டால் நாக்கு வளையும்; வளைவைப் பக்கத்திலேயே உள்ள மின்சுற்று அளக்கும். மைக்காகத் தோண்டிய குழி, வேகமாற்றத்தை உணரும் கருவியாகிவிட்டது. நான் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்த இடம் இதுதான். காரணம், "சென்சார்" என்ற சொல் எங்கள் வீட்டில் ஒரு வசைச்சொல்.

என் தந்தையார் எட்டாம் வகுப்போடு நின்றவர். சங்ககிரியில் லாரிப் பட்டறையில் கையாளாகச் சேர்ந்து, பிறகு எங்கள் ஊர்ப் புறவழிச்சாலையில் சொந்தமாகச் சின்னப் பட்டறை போட்டவர். நீளமான திருப்புளியின் முனையை ஓடும் எஞ்சினின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு சேர்த்து, "மூணாவது சிலிண்டருங்க, டேப்பட் தளர்ந்திருக்கு" என்று சொல்லிவிடுவார். கழற்றிப் பார்த்தால் அப்படியே இருக்கும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் வரும் வண்டிகளில் எஞ்சின் விளக்கு எரிந்தால், திருப்புளியும் காதும் போதவில்லை; ஸ்கேனர் மாட்டித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. "எல்லாத்துக்கும் சென்சார வெச்சுப்போட்டானுங்க. இனி மனுசனுக்கு என்ன வேல?" என்பார். அவருடைய பழைய வாடிக்கையாளர் பலர் போய்விட்டார்கள். என் கல்லூரிக் கட்டணமும் கடைக் கூலியும் இந்தக் கணக்கில்தான் வருகின்றன.

ஆகவே நான் படித்ததை வீட்டில் சொல்லவில்லை. எதிரியைப் புகழ்வதுபோல் இருந்தது.

கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. மதியச் சோறு கொண்டுபோனேன். பட்டறையில் ஒரு கார் நின்றது. ஐந்து வண்டி வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவருடையது. ஐந்துக்கும் அப்பாதான் வேலை பார்ப்பவர். அந்தக் காரை அவர் விற்கப்போகிறார். சாவியைத் திருப்பினால் மீட்டரில் காற்றுப்பையின் சிவப்பு விளக்கு எரிந்தபடியே இருக்கிறது. அவர் சொன்னார்: "மேஸ்திரி, அதொண்ணும் பெரிய வேலையில்ல. மீட்டரக் கழட்டி அந்த வெளக்கு மேல கறுப்பு டேப்பு ஒட்டிப்போடுங்க. பாக்கறவனுக்கு எரியறது தெரியக்கூடாது, அவ்வளவுதான்." அப்பா திருப்புளியை எடுத்துவிட்டார்.

"ஏனுங்கப்பா, அப்ப வாங்கறவங்களுக்கு அந்தப் பை விரியாதுன்னு தெரியாதுங்களே" என்றேன். சொன்ன பிறகுதான் சத்தமாகச் சொல்லிவிட்டேன் என்று உணர்ந்தேன்.

வாடிக்கையாளர் சிரித்தார். "புள்ள காலேசுங்களா?" என்றார். அப்பா என்னைப் பார்க்காமல், "நீ வீட்டுக்குப் போ கண்ணு" என்றார். அந்தக் 'கண்ணு' வழக்கமான கண்ணு அன்று. வெளியாட்கள் முன்னால் அவரை நான் எதிர்த்துப் பேசியது என் இருபது வயதில் அதுவே முதல் தடவை. வண்டியை மறுநாள் எடுத்துக்கொள்வதாக வாடிக்கையாளர் விட்டுச் சென்றாராம்.

இரவு அப்பா பேசாமல் சாப்பிட்டார். அம்மா என்னை முறைத்தார். நான் எழுந்துபோய் இரண்டு சீப்புகளை எடுத்துவந்தேன். ஒன்று அம்மாவுடையது, ஒன்று என்னுடையது. பல்லிடுக்கில் பல் போகும்படி, ஒன்றையொன்று தொடாமல் பிடித்தேன். "அந்த வெளக்குக்குப் பின்னால ஒரு பெட்டி இருக்குதுங்களே, அதுக்குள்ள இருக்கறது இதுதானுங்கப்பா" என்றேன். ஒரு சீப்பு அசையாதது. மற்றது மெல்லிய கால்களில் தொங்கும் எடை. வண்டி எதன்மேலாவது மோதினால், பேருந்தில் பிரேக் போட்டதும் நிற்பவர்கள் முன்னால் சாய்வதுபோல், தொங்கும் சீப்பு சாயும், பற்களின் இடைவெளி மாறும், மின்தேக்குத்திறன் மாறும்.

அப்பா தட்டிலிருந்து கையை எடுத்தார். "கண்டன்சரா? பழைய அம்பாசடர்ல பாயின்டுக்குப் பக்கத்துல இருக்குமே, அதா?"

"அதேதானுங்க. ஆனா ஒரு மயிரிழைக்குள்ள பல பல்லு."

"இத எவன் சீவுனான்?"

அங்கிருந்து நான் நிறுத்தவில்லை. மைத்துளை, காரக் கரைசல், பீட்டர்சன், எல்லாவற்றையும் சொன்னேன். ஜெர்மனியில் போஷ் நிறுவனத்தைச் சேர்ந்த லேர்மரும் ஆண்ட்ரியா ஊர்பானும் 1990களில், கரைசலுக்குப் பதில் வாயுக்களால், ஒரு கணம் அரிப்பதும் மறுகணம் சுவருக்குப் பூச்சுப் பூசுவதுமாக மாற்றி மாற்றிச் செய்து, செங்குத்தான ஆழ்பள்ளம் வெட்டும் முறையைக் காப்புரிமை பெற்றதைச் சொன்னேன். அனலாக் டிவைசஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் காற்றுப்பைக்காகவே செய்த சீப்புச் சில்லைச் சொன்னேன். அதற்குமுன் ஆலன் பிரீட் என்பவர் 1960களின் பிற்பகுதியில் குழாய்க்குள் எஃகுக் குண்டு ஒன்றைக் காந்தத்தால் பிடித்துவைத்து, மோதும்போது குண்டு பிய்த்துக்கொண்டு ஓடி மின்தொடர்பை இணைக்கும்படி அமைத்ததையும் சொன்னேன். குண்டு அப்பாவுக்கு உடனே பிடித்துவிட்டது. "அது நம்ம வேல" என்றார்.

ஆனால் அவர் அதிகம் கேட்டது ஹெட்ரிக்கைப் பற்றித்தான். ஜான் ஹெட்ரிக் பென்சில்வேனியாவைச் சேர்ந்தவர். கடற்படையில் டார்பிடோ பழுதுபார்த்தவர். 1952இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் ஏழு வயது மகளையும் ஏற்றிக்கொண்டு காரில் போனார். வழியில் பாறை, திருப்பியதில் கார் பள்ளத்தில் இறங்கியது. அந்தக் கணத்தில் அவரும் மனைவியும் ஒரே நேரத்தில் மகள்மேல் கை நீட்டினார்கள். யாருக்கும் அடியில்லை. வீடு திரும்பியதும் அந்தக் கைக்குப் பதிலாக எது நீளலாம் என்று படம் போட ஆரம்பித்தார். கடற்படையில் ஒருநாள் டார்பிடோவின் அழுத்தக் காற்று தவறுதலாகத் திறந்து, அதன்மேல் போர்த்திய துணியுறை நொடியில் புடைத்தெழுந்ததைப் பார்த்தவர் அவர். வில்லில் தாங்கிய ஒரு எடை, அழுத்தக் காற்று, ஒரு பை. 1953இல் காப்புரிமை கிடைத்தது. அக்காலத்தில் அமெரிக்கக் காப்புரிமைக்கு ஆயுள் 17 ஆண்டு. அது தீர்ந்த பிறகுதான் பொதுமக்களுக்கு விற்ற கார்களில் காற்றுப்பை வந்தது. அவருக்குக் காசு எதுவும் கிடைக்கவில்லை.

"காசு வரலீன்னா என்ன, படம் போட்டானல்லோ" என்றார் அப்பா. பிறகு, "அந்த வெளக்கு சாவி போட்டதும் கொஞ்ச நேரம் எரிஞ்சு அணையுமே, அது எதுக்கு?" என்றார்.

அந்த நேரத்தில் பெட்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. சீப்புக்கு மின்னழுத்தம் கொடுத்து வேண்டுமென்றே அசைத்துப் பார்த்து, அசைகிறது, சரி, என்று தெரிந்தபின் விளக்கை அணைக்கிறது. மோதல் நேர்ந்தால் ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பத்துப் பங்குக்குள் தீர்மானித்துப் பையை விரித்தாக வேண்டும். கண்ணிமைக்க அதைவிட அதிக நேரம் ஆகும். அப்படிப்பட்ட பெட்டி "நான் சரியில்லை" என்று சொல்வதற்கு இருக்கும் ஒரே வாய் அந்த விளக்கு. அதன்மேல்தான் டேப்.

அப்பா பதில் சொல்லவில்லை. கை கழுவிவிட்டுப் படுத்துக்கொண்டார். அவருக்குக் கோபம் தணிந்ததா என்று தெரியாமல் நான் சீப்புகளைத் துடைத்து வைத்தேன். என் சீப்பில் இரண்டு பல் உடைந்திருந்தது.

திங்கட்கிழமை மாலை கடையிலிருந்து திரும்பியபோது அப்பா திண்ணையில் இருந்தார். காலையில் சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் நிற இணைப்பு கழன்றிருக்கலாம் என்று முதலில் அதைப் பார்த்திருக்கிறார். அது நன்றாகவே இருந்தது. பிறகு அடுத்த பட்டறைக்காரரிடம் ஸ்கேனரை இரவல் வாங்கி மாட்டியிருக்கிறார். அந்த வண்டி ஏற்கெனவே ஒருமுறை மோதியது என்ற பதிவு பெட்டிக்குள் இருந்தது. சந்தேகப்பட்டு ஸ்டியரிங் நடுமூடியைத் தடவிப் பார்த்தால், ஓரத்தில் பசை. உள்ளே பை இல்லை. இதற்கு முந்தைய சொந்தக்காரர் காலத்தில் விரிந்து தீர்ந்த பையை யாரோ வெட்டியெடுத்துவிட்டு மூடியை ஒட்டியிருக்கிறார்கள். நம் வாடிக்கையாளரும் அதைத் தெரியாமல்தான் வாங்கியிருக்கிறார். இரண்டு ஆண்டு ஓட்டியுமிருக்கிறார், குடும்பத்தோடு. 2019 சூலை முதல் ஓட்டுநர் பக்கப் பை சட்டப்படி கட்டாயம். சட்டப்படி அந்தக் காரில் பை இருந்தது.

அப்பா அவரிடம் விவரத்தைச் சொல்லி, "இதுல டேப்பு ஒட்டற வேல எனக்கு வேண்டாங்க" என்றிருக்கிறார். அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லையாம். அவருக்கும் உள்ளூர அதிர்ச்சியாகத்தான் இருந்திருக்க வேண்டும். பிறகு, "எனக்கு வித்தவன் சொன்னானா? நான் மட்டும் நட்டப்படோணுமா?" என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மற்ற நான்கு வண்டிகளும் அதன்பின் எங்கள் பட்டறைக்கு வரவில்லை.

அவர் கேட்டதில் நியாயமே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. புதுப் பையும் பெட்டியும் போட ஆகும் தொகை சிறியதன்று. ஆயினும் பையில்லாத அந்த வண்டி டேப்போடு யாரோ ஒருவர் கைக்குப் போயிருக்கும். யாரிடம் என்று எங்களுக்குத் தெரியாது. காவல் நிலையத்தில் சொல்லலாமா என்று கேட்டேன். "வண்டி நம்ம கையில இல்ல, டேப்பு ஒட்டுனத நம்ம பாக்கவும் இல்ல, என்னன்னு சொல்றது?" என்றார் அப்பா. அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

பீட்டர்சனின் கட்டுரையில் இதுவரை 23 பக்கம் படித்திருக்கிறேன். அவர் பிறகு 1985இல் நோவாசென்சர் என்ற நிறுவனத்தைத் தோழர்களோடு தொடங்கிச் சிலிக்கன் அழுத்த உணரிகளைச் செய்தார். எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தைச் சொல்லும் மேப் சென்சாரும் அந்தக் குலத்தைச் சேர்ந்ததே. 1996இல் அவர் மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கிய செஃபைடு என்ற நிறுவனத்தின் கருவியிலும் நம் அரசு மருத்துவமனைகளில் சளியைச் சோதித்துக் காசநோயைக் கண்டுபிடிக்கிறார்கள். இதை நான் சொன்னபோது அம்மாதான் அதிகம் வியந்தார். என் தாய்மாமன் அப்படிச் சோதித்து மருந்துண்டு பிழைத்தவர். 2019இல் பீட்டர்சனுக்கு மின், மின்னணுப் பொறியாளர் கழகத்தின் மிக உயர்ந்த பதக்கம் கொடுத்தார்கள். மைத்துளை தோண்டியவர்கள் எத்தனை பேர்! எல்லோரும் குழியோடு நின்றார்கள். இவர் அந்தக் குழியின்மேல் நாக்கை நீட்டிப் பார்த்தார்.

தை மாதம் அப்பா தவணையில் ஒரு ஸ்கேனர் வாங்கினார். அதன் ஆங்கில வரிகளை நான் தமிழில் ஒரு நோட்டில் எழுதிக்கொடுத்திருக்கிறேன். எண்ணைப் பார்த்து வரியைத் தேடிக்கொள்கிறார். இருந்தும் முதலில் திருப்புளியைக் காதில் வைத்துத் தாமே ஒரு முடிவுக்கு வந்துவிட்டுத்தான் ஸ்கேனரை மாட்டுகிறார். இரண்டும் ஒத்துப்போன நாளில் வீட்டுக்கு வந்து சொல்வார். ஒத்துப்போகாத நாளில் ஒன்றும் சொல்லமாட்டார்.

எனக்கு ஒரு வழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. உறவினர் திருமணத்துக்கோ மருத்துவமனைக்கோ எந்தக் காரில் ஏறினாலும், ஓட்டுநர் சாவியைத் திருப்பும்போது எட்டி மீட்டரைப் பார்க்கிறேன். சிவப்பு விளக்கு எரிகிறதா என்று முதலில். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று மனத்துக்குள் எண்ணிக்கொண்டு, அது அணைகிறதா என்று. சில வண்டிகளில் அது எரிவதே இல்லை. அப்போது ஓட்டுநரிடம் கேட்கிறேன். பெரும்பாலானோர், "அது எப்பவுமே எரியாதுங்க" என்கிறார்கள்.